1969 ஷெவர்லே சி10: ஹூட்டும் ஃபெண்டரும் ஒன்றுசேர மாட்டேன் என்கின்றன

நீலவண்டி_ஆஸ்டின் | சனி, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். ஆஸ்டினுக்கு வெளியே ஒரு பண்ணைக் கொட்டகையில் பல வருடம் கிடந்த 1969 சி10 பிக்கப்பை வாங்கிச் சரிசெய்துகொண்டிருக்கிறேன். குட்டை பெட், 115 அங்குல வீல்பேஸ், 250 கன அங்குல ஆறு சிலிண்டர் இன்ஜின். வின் எண்ணில் (வண்டியின் அடையாள எண்) ஆலைக்கான எழுத்து ‘எஸ்’, அதாவது செயின்ட் லூயிஸில் செய்த வண்டி. இன்ஜின், பிரேக், வயரிங் வேலை எல்லாம் முடிந்துவிட்டது. பெயின்டுக்குப் போகும் முன் ஹூட் (பானெட்), ஃபெண்டர் (மட்கார்டு), கதவு இவற்றுக்கு நடுவே உள்ள முன்பக்க இடைவெளிகளைச் சரிபார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று வார இறுதிகள் போய்விட்டன.

வலது ஃபெண்டர் வண்டியோடு வந்த பழசு. இடதுபக்கம் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்ததால் புதிதாக அச்சடித்து விற்கும் ஃபெண்டர் வாங்கிப் போட்டேன். இப்போது இருக்கும் நிலவரம், எல்லாம் மி.மீ.யில்:

இடது ஃபெண்டருக்கும் கதவுக்கும் நடுவே மேலே 8, கீழே 4. வலதுபக்கம் மேலே 5, கீழே 5.
ஹூட்டுக்கும் இடது ஃபெண்டருக்கும் நடுவே முன்னால் 9, பின்னால் 5. வலதுபக்கம் முன்னால் 2, பின்னால் 5.
ஹூட்டின் இடது பின்மூலை கௌல் தகட்டைவிட (முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தகடு) 6 மேலே நிற்கிறது.

ஹூட் கீல் போல்ட்டுகளைத் தளர்த்தி ஹூட்டை இடதுபக்கம் தள்ளிப் பார்த்தேன். முன்னால் சரியாகிறது, பின்னால் கௌலில் உரசுகிறது. ஒரு இடத்தைச் சரிசெய்தால் இன்னொரு இடம் கெட்டுப்போகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யாராவது சொல்லுங்கள்.

தகடும்தணலும்_மிச்சிகன் | சனி, இரவு 10:15

தம்பி, ஹூட்டை விட்டுவிடுங்கள். அது கடைசியில் தொட வேண்டியது. முதலில் நான்கு கேள்விகள்.

வண்டி டயரில் நிற்கிறதா, ஸ்டாண்டிலா? ஸ்டாண்டு என்றால் எங்கே வைத்திருக்கிறீர்கள்?
கேபினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே உள்ள ரப்பர் புஷ்களை மாற்றினீர்களா?
ரேடியேட்டர் சப்போர்ட்டுக்குக் (ரேடியேட்டரைத் தாங்கும் முன்பக்கச் சட்டம்) கீழே இரண்டு பக்கமும் ரப்பர் இருக்குமே, அவை எந்த நிலையில் இருக்கின்றன?
கதவின் பின்விளிம்பைக் கையால் தூக்கினால் ஆடுகிறதா?

நீலவண்டி_ஆஸ்டின் | சனி, இரவு 10:50

அக்கா, வண்டி ஸ்டாண்டில்தான் நிற்கிறது. கேபினுக்கு நேர் கீழே, சேஸிஸின் நடுப்பகுதியில் நான்கு ஸ்டாண்டு. கேபின் புஷ்கள் போன மாதம் புதிதாகப் போட்டேன். கதவுக் கீல் பின்னையும் மாற்றிவிட்டேன், ஆட்டம் இல்லை. ரேடியேட்டர் சப்போர்ட் ரப்பரை நான் பார்க்கவே இல்லை. நாளைக் காலையில் பார்த்துச் சொல்கிறேன்.

தகடும்தணலும்_மிச்சிகன் | ஞாயிறு, காலை 7:20

நீங்கள் பார்ப்பதற்குள் நான் நினைப்பதை எழுதிவிடுகிறேன், கொஞ்சம் நீளம்தான்.

இந்த வண்டியில் கேபினும் முன்பக்கத் தகடுகளும் ஒரே கூடு கிடையாது. கேபின் தன் ரப்பர்களில் தனியாக உட்கார்ந்திருக்கிறது. ரேடியேட்டர் சப்போர்ட் சேஸிஸின் முன்னங்கைகளில் வேறு இரண்டு ரப்பரில் உட்கார்ந்திருக்கிறது. இவை இரண்டுக்கும் நடுவே ஃபெண்டர் ஒரு பாலம் மாதிரி தொங்குகிறது. பின்னால் கேபினைப் பிடித்திருக்கிறது, முன்னால் சப்போர்ட்டைப் பிடித்திருக்கிறது. அந்தப் பாலத்துக்கு மேலேதான் ஹூட். சப்போர்ட் இறங்கினால் ஃபெண்டரின் மூக்கு இறங்கும். மூக்கு இறங்கினால் ஃபெண்டர் பின்கீழ் போல்ட்டைச் சுற்றிச் சுழலும், அதன் பின்விளிம்பில் மேல்பாகம் கதவை விட்டு முன்னால் போகும். மேலே கேப் (இடைவெளி) விரியும், கீழே சுருங்கும். உங்கள் இடதுபக்கக் கணக்கு மேலே 8, கீழே 4. இதைத்தான் அந்த எண்கள் சொல்கின்றன.

அப்புறம் இன்னொன்று. சப்போர்ட்டின் இடதுபக்கம் மட்டும் இறங்கியிருந்தால் அது மொத்தமாக இடதுபுறம் சாயும். அதன் மேல்முனை இரண்டு ஃபெண்டர்களின் மூக்கையும் இடதுபுறம் இழுத்துக்கொண்டு போகும். ஹூட் கேபின் பக்கக் கீலில் பிடித்திருப்பதால் அது இருந்த இடத்திலேயே நிற்கும். அப்போது முன்னால் இடது கேப் விரியும், வலது கேப் மூடும். உங்களுக்கு 9, 2. கதவு கேப்பும் ஹூட் கேப்பும் இரண்டு தனி வியாதிகள் இல்லை தம்பி, ஒரே காரணம் இரண்டு இடத்தில் தெரிகிறது. ஹூட்டை இடதுபக்கம் தள்ளியபோது சரியாக நின்ற ஒரே பொருளைத்தான் நீங்கள் நகர்த்தினீர்கள்.

எவ்வளவு இறங்கியிருக்கும்? ஃபெண்டரின் நீளம் அதன் பின்விளிம்பு உயரத்தைப்போல் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல். மேலும் கீழும் வித்தியாசம் 4 மி.மீ. வர வேண்டுமென்றால் மூக்கு ஏறக்குறைய 8, 9 மி.மீ. இறங்கியிருக்க வேண்டும். பழைய ரப்பர் நசுங்குவதற்குச் சரியான கணக்கு.

செய்யும் வரிசை இப்படி இருக்கட்டும்.

முதலில் வண்டியை டயரில் இறக்குங்கள். இன்ஜினே சுமார் 200 கிலோ. ஸ்டாண்டு நடுவில் இருந்தால் அந்த எடை மூக்கில் தொங்குகிறது, இந்தச் சேஸிஸ் திறந்த சி வடிவச் சட்டம், வளையும். ஸ்டாண்டில் வைத்துச் சரிசெய்த கேப் தரையில் மாறிவிடும். இறக்கியதும் முன்னும் பின்னும் நாலடி உருட்டுங்கள், சஸ்பென்ஷன் தன் இடத்துக்கு வரட்டும்.

சேஸிஸின் மூலைவிட்டம் இரண்டையும் டேப் பிடித்து அளங்கள். இரண்டுபக்கமும் ஒரே மாதிரி இருக்கும் துளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 3 மி.மீ.க்குள் இருந்தால் மேலே போகலாம்.

கதவை முதலில் கேபினோடு சேருங்கள். பின்விளிம்பு, கீழே ராக்கர் (கதவுக்கு அடியில் ஓடும் தகடு), பக்கக்கோடு மூன்றும் சரியாக வர வேண்டும். கதவுப் பூட்டின் ஸ்டிரைக்கரைக் (பூட்டு வந்து மாட்டிக்கொள்ளும் துண்டு) கழற்றிவைத்துவிட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் அது கதவைத் தூக்கிப் பொய் சொல்லும். புது வெதர்ஸ்டிரிப் போடுவதாக இருந்தால் போட்டுவிட்டே பாருங்கள். புது ரப்பர் கதவை 3, 4 மி.மீ. வெளியே தள்ளும்.

அதற்குப் பிறகு ஃபெண்டர். எல்லாப் போல்ட்டும் கைமுறுக்கில் இருக்கட்டும், ஒன்றையும் இறுக்காதீர்கள். ரேடியேட்டர் சப்போர்ட்டைத் தூக்கும்போது ஃபெண்டரின் கௌல் பக்கப் போல்ட்டு இறுக்கமாக இருந்தால் தகடு மடங்கிவிடும். கதவு கேப் வந்ததும் சப்போர்ட்டின் மேல்மூலையிலிருந்து எதிர்ப்பக்கக் கௌல் மூலைக்கு மூலைவிட்டம் அளங்கள். இரண்டும் ஒன்றாக வரும்வரை மூக்கைப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். கை போதாவிட்டால் ராட்செட் பட்டையை மூலைவிட்டமாகக் கட்டி மெதுவாக இழுக்கலாம்.

ஹூட் அதற்கும் பிறகு. லாட்ச் (ஹூட் பூட்டு) எல்லாவற்றுக்கும் கடைசி.

கோவை_டிங்கரிங்22 | ஞாயிறு, காலை 8:05

அக்கா சொன்னதைப் படித்தேன். நான் கோவையில் 22 வருடமாக டிங்கரிங் பட்டறையில் இருக்கிறேன். சி10-ஐக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் பழைய ஜீப், அம்பாசடர் என்று நிறைய பானெட்டும் மட்கார்டும் கழற்றி மாட்டியிருக்கிறேன். நீங்கள் ஹூட், ஃபெண்டர் என்பது எங்களுக்கு அதுதான். பேர்தான் வேறு, தகடு ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும்.

சார், ஒரு விஷயம் மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கேப் அகலமாக இருக்கிறது என்று விளிம்பில் பட்டி (பூசினால் இறுகும் பசை) போட்டுக் குறைக்காதீர்கள். எங்களிடம் வரும் வண்டிகளில் பாதிக்கு இதுதான் கதை. யாரோ ஒருவர் அவசரத்தில் விளிம்பில் பட்டி ஏற்றி அழகாகக் காட்டியிருப்பார். ஆறு மாதத்தில் கதவு அதிர்ந்து அதிர்ந்து அந்தப் பட்டி துண்டாக விழும், உள்ளே தண்ணீர் இறங்கித் துருப்பிடிக்கும். விளிம்பு இரும்பாகவே இருக்க வேண்டும்.

இன்னொன்று, ராக்கர் மாற்றிய வண்டியா? கதவு வாசலுக்குக் குறுக்கே கம்பி வெல்டிங் வைத்துப் பிடிக்காமல் ராக்கரை வெட்டினால் வாசலே சுருங்கிவிடும். அப்படி நடந்திருந்தால் முன்னால் எவ்வளவு ஷிம் (இடைவெளி சரிசெய்ய நடுவே வைக்கும் மெல்லிய தகடு) போட்டாலும் கேப் வராது.

நீலவண்டி_ஆஸ்டின் | ஞாயிறு, பிற்பகல் 1:30

கோவை அண்ணா, ராக்கர் மாற்றவில்லை, தப்பித்தேன். கேபின் மூலை ஒன்றுக்கு மட்டும் ஒட்டு போட்டிருக்கிறார்கள், அது கதவு வாசலைத் தொடவில்லை.

அக்கா, ரேடியேட்டர் சப்போர்ட்டைக் கழற்றிப் பார்த்தேன். வலதுபக்கம் ரப்பர் புதிது மாதிரி இருக்கிறது, எனக்கு முன்னால் வைத்திருந்தவர் எப்போதோ மாற்றியிருக்கிறார். இடதுபக்கம் ரப்பரே இல்லை என்று சொல்லலாம். கருகிய பணியாரம் மாதிரி ஒரு கறுப்புத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது, தொட்டதும் உதிர்ந்துவிட்டது. சப்போர்ட்டின் இரும்பு கிட்டத்தட்ட சேஸிஸ் மேலேயே உட்கார்ந்திருந்தது. வலதுபக்கத்தோடு ஒப்பிட்டால் உயர வித்தியாசம் 9 மி.மீ.! நீங்கள் எண்ணை வைத்தே சொன்னதைப் படித்துவிட்டு அளந்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

டயரில் இறக்கியதும் எதையும் தொடாமலேயே இடது மேல் கேப் 8-லிருந்து 7 ஆனது. சேஸிஸ் மூலைவிட்ட வித்தியாசம் 2 மி.மீ. மட்டும். புது ரப்பர் செட் ஆர்டர் போட்டுவிட்டேன். இரண்டு பக்கமும் ஒன்றாகவே மாற்றப்போகிறேன்.

ஹாட்ராட்_சான்ஹோசே | ஞாயிறு, மாலை 4:10

நல்ல இழை. நான் 1972 ஒன்றை முடித்தேன். என் கருத்து ஒன்று. இவ்வளவு சிரமப்படுகிறீர்கள், 5 மி.மீ.யில் நிறுத்தாதீர்கள். எல்லா இடத்திலும் 3 மி.மீ. கொண்டுவாருங்கள். விளிம்பில் வெல்டிங் கம்பி ஓட்டி அரைத்தால் வரும். பளபளவென்று பெயின்ட் அடித்த வண்டியில் 5 மி.மீ. கேப் ஒரு கறுப்புப் பட்டை மாதிரி கண்ணை உறுத்தும். கூர்மையான கோடு விழுந்தால்தான் வேலை செய்தவரின் கை தெரியும்.

தகடும்தணலும்_மிச்சிகன் | ஞாயிறு, மாலை 5:00

இதில் எனக்கு உடன்பாடு இல்லை, காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் வண்டி கண்காட்சிக்கு டிரெய்லரில் போகிறதென்றால் 3 மி.மீ. வைத்துக்கொள்ளலாம். ஓட்டுகிற வண்டிக்கு வேண்டாம். கதவு திறக்கும்போது அதன் முன்விளிம்பு சுழன்று ஃபெண்டர் பக்கம் நெருங்கி வரும். கீல் பின் கொஞ்சம் தேய்ந்தாலே 3 மி.மீ. கேப்பில் பெயின்ட் சீவிவிடும். ஒரு சக்கரம் மட்டும் மேடேறும் சாய்வான டிரைவ்வேயில் ஏற்றிப் பாருங்கள். இந்தச் சேஸிஸ் முறுக்கும், கேபின் ஒரு பக்கம், மூக்கு ஒரு பக்கம் ரப்பரில் அசையும். கதவு கேப் மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ரப்பரில் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும் தகடுகளுக்கு நடுவே அசைய இடம் வேண்டும்.

பெயின்ட்டையும் கணக்கில் எடுங்கள். பிரைமர், கலர், கிளியர் சேர்ந்து ஒரு விளிம்புக்கு 0.2 மி.மீ., அடர்த்திப் பிரைமர் அடித்தால் இன்னும் கூடும். எதிர் விளிம்பும் சேர்ந்தால் அரை மி.மீ. வரை போய்விடும். வெறும் இரும்பில் 3 என்றால் பெயின்ட்டில் 2.5.

ஜிஎம் (ஷெவர்லேயின் தாய் நிறுவனம்) இந்த வண்டிகளை வேலைக்காகச் செய்தது. பெயின்ட் தொடாத பழைய வண்டிகளில் 5, 6 மி.மீ. சாதாரணமாகப் பார்க்கலாம், அதுவும் இடத்துக்கு இடம் மாறும். கண்ணை உறுத்துவது அகலம் இல்லை, மாறுகிற அகலம்தான். மேலே 5, நடுவே 5, கீழே 5 என்று ஓடினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மேலே 3, கீழே 4.5 என்றால் பத்தடி தூரத்திலிருந்தே தெரியும்.

ஹாட்ராட்_சான்ஹோசே | ஞாயிறு, மாலை 6:25

டிரைவ்வே விஷயம் சரிதான். என் வண்டியின் வலது கதவு முன்விளிம்பில் பெயின்ட் உரிந்திருக்கிறது, வெதர்ஸ்டிரிப் காரணம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். போய்ப் பார்க்கிறேன். ஆனாலும் ஹூட்டுக்கும் ஃபெண்டருக்கும் நடுவே 4 மி.மீ. என்பதை நான் விடமாட்டேன், அங்கே கதவு மாதிரிச் சுழற்சி இல்லை.

தகடும்தணலும்_மிச்சிகன் | ஞாயிறு, மாலை 6:40

ஹூட் பக்கத்தில் 4 நியாயமான எண். ஒத்துக்கொள்கிறேன்.

நீலவண்டி_ஆஸ்டின் | அடுத்த சனி, இரவு 8:15

ரப்பர் வந்துவிட்டது. காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தேன். ஃபெண்டர் போல்ட்டுகள் எல்லாவற்றையும் தளர்த்தி, சப்போர்ட்டுக்குக் கீழே மரக்கட்டை வைத்து ஜாக்கியில் மெதுவாகத் தூக்கி, இரண்டு பக்கமும் புது ரப்பர் போட்டு இறக்கினேன். இடது கதவு கேப் மேலே 5.5, கீழே 5. ஹூட்டைத் தொடவே இல்லை, ஆனால் முன்னால் 9, 2 என்று இருந்தது 6, 5 ஆகிவிட்டது! மூலைவிட்டம் 3 மி.மீ. விலகியிருந்தது, ராட்செட் பட்டையில் இழுத்ததில் 1 மி.மீ. ஆனது. கேப் பார்க்க பெயின்ட் கலக்கும் மரக்குச்சிகளையே சீவி 5 மி.மீ. பலகையாக வைத்துக்கொண்டேன், மேலிருந்து கீழே ஓட்டிப் பார்க்க வசதியாக இருந்தது.

இன்னும் இரண்டு பிரச்சினை மிச்சம்.

ஒன்று, ஹூட்டின் இடது பின்மூலை. இன்னும் 5 மி.மீ. மேலேதான் நிற்கிறது. கையால் அழுத்தினால் இறங்குகிறது, விட்டால் ஏறுகிறது.

இரண்டு, புது இடது ஃபெண்டரின் பின்விளிம்பு நேராக இல்லை. மேலும் கீழும் 5, நடுவே ஒரு சாண் நீளத்துக்கு 7.

கோவை_டிங்கரிங்22 | ஞாயிறு, காலை 7:45

சார், அழுத்தினால் இறங்கி விட்டால் ஏறுகிறதென்றால் கீலைப் பாருங்கள். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு கீலை மட்டும் வைஸில் பிடித்துக் கையால் ஆட்டுங்கள். கடைசி வரை வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நடுவில் பிடித்தாலோ, ரிவெட் பக்கவாட்டில் ஆடினாலோ அது போய்விட்டது என்று அர்த்தம். பிடிக்கிற கீலை வைத்துக்கொண்டு பானெட்டை அடித்து மூடினால் பானெட் கீலுக்கு முன்னால் மடங்கிவிடும், அந்த மடிப்பை எடுப்பது பெரிய வேலை. இப்போதைக்கு மூடாமல் வைத்திருங்கள்.

ஸ்பிரிங்கை ஸ்குரூடிரைவர் போட்டு நெம்பாதீர்கள், கண்ணில் அடித்துவிடும். கடைசியாக ஒரு முறை ஹூட்டைக் கையால் மெதுவாகத் தாழ்த்துங்கள். அப்போது ஸ்பிரிங் நீண்டிருக்கும், சுருளுக்கு நடுவே வாஷர்களைச் செருகுங்கள். பிறகு தூக்கினால் ஸ்பிரிங் சுருங்க முடியாமல் தளர்ந்து கையோடு வந்துவிடும். கூட ஒருவர் ஹூட்டைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

தகடும்தணலும்_மிச்சிகன் | ஞாயிறு, காலை 9:10

வாஷர் யோசனை நல்லது, நானும் அப்படித்தான் செய்வேன். கீல் சரியான பிறகும் பின்மூலை உயரமாக இருந்தால், கீல் கைக்கும் ஹூட்டுக்கும் நடுவே முன்போல்ட்டில் ஒரு வாஷர் கொடுங்கள். ஹூட்டின் பின்விளிம்பு தாழும். பின்போல்ட்டில் கொடுத்தால் எதிர்மாறாக உயரும். அரை மி.மீ. தடிமனில் ஆரம்பியுங்கள், அதுவே விளிம்பில் நன்றாகத் தெரியும். கௌல் ரப்பர் புதிதாக இருந்தால் அதுவும் பின்னால் தூக்கும், அதை எடுத்துவிட்டு ஒரு முறை, போட்டு ஒரு முறை பாருங்கள்.

ஃபெண்டர் விளிம்பு பற்றி. புது அச்சுத் தகடுகளில் இது அடிக்கடி வரும், பழைய ஜிஎம் அச்சின் வளைவு அவற்றில் முழுசாக வராது. 2 மி.மீ. குறைவுக்கு 1.6 மி.மீ. கம்பியை விளிம்போடு ஒட்டிவைத்துப் புள்ளி புள்ளியாக வெல்டிங் செய்யுங்கள். ஒரு புள்ளி இங்கே, அடுத்தது பத்து செ.மீ. தள்ளி, கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறவிட்டு அடுத்தது. தொடர்ந்து ஓட்டினால் ஃபெண்டர் அலையலையாக நெளிந்துவிடும். கதவை மூடி, கேப்பில் 5 மி.மீ. பலகை வைத்துக் குறித்துக்கொண்டு அரையுங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். இந்த வண்டியில் பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னால் கேபினுக்குள்ளேயே இருக்கிறது. கதவோரத்தில் வெல்டிங் செய்வதைவிட ஃபெண்டரில் குறி போட்டுக்கொண்டு, கழற்றி வெளியே கொண்டுபோய்ச் செய்வதுதான் என் விருப்பம். அதற்குத் திரும்ப மாட்டும்போது அதே இடம் வர வேண்டும். கழற்றும் முன் ஃபெண்டரும் கேபினும் சேரும் இடத்திலும், கீலும் ஹூட்டும் சேரும் இடத்திலும் 3 மி.மீ. துளை இரண்டிரண்டு போட்டுவிடுங்கள். மாட்டும்போது அந்தத் துளையில் டிரில் பிட்டையே செருகினால் பழைய இடம் தானாக வந்துவிடும். ஷிம்களை இடம் எழுதி உறையில் போட்டு வையுங்கள். பெயின்ட்டுக்குப் பிறகும் இந்தத் துளைகள்தான் உங்களைக் காப்பாற்றும்.

நீலவண்டி_ஆஸ்டின் | இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு இரவு 9:30

இடது கீலின் நடு ரிவெட் அரை விட்டத்துக்குத் தேய்ந்திருந்தது. பழைய உதிரிக் கடையில் நல்ல ஜோடி கிடைத்தது, இரண்டையும் மாற்றிவிட்டேன். முன்போல்ட்டில் ஒரு வாஷர் கொடுத்ததும் பின்மூலை கௌலோடு சமமாகிவிட்டது, கௌல் ரப்பர் போட்ட பிறகு 1 மி.மீ. மட்டும் உயரம். ஃபெண்டரைக் கழற்றி வெல்டிங் செய்ய இரண்டு மாலைகள் ஆயின. துளையில் டிரில் பிட் செருகி மாட்டியபோது முதல் முறையிலேயே பழைய இடத்தில் உட்கார்ந்தது.

இப்போதைய அளவு: இடது கதவு கேப் மேலே 5, நடுவே 5.5, கீழே 5. வலது 5, 5, 5. ஹூட் இடதுபக்கம் முன்னால் 4.5, பின்னால் 4.5. வலதுபக்கம் முன்னால் 4.5, பின்னால் 5. லாட்சை இன்று மாலைதான் மாட்டினேன். ஹூட் ஒரு பக்கமும் இழுபடாமல் நேராக இறங்கிப் பூட்டிக்கொண்டது. மூலையில் உள்ள ரப்பர் முட்டுகளை ஒரு சுற்றுத் திருகி உயரத்தை ஃபெண்டரோடு சமம் செய்தேன்.

அக்காவுக்கும் கோவை அண்ணாவுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நாளை எல்லாவற்றையும் கழற்றிப் பெயின்ட்டுக்கு அனுப்புகிறேன். ஒரு கேள்வி. அந்த 3 மி.மீ. துளைகளைக் கடைசியில் அடைக்க வேண்டுமா?

கோவை_டிங்கரிங்22 | திங்கள், காலை 6:50

வெளியே தெரியாத இடம்தானே சார், அடைக்க வேண்டாம். துளையின் உள்விளிம்பில் ஒரு பிரஷ்ஷால் பிரைமர் தொட்டு விடுங்கள், துருப்பிடிக்காது. நாளைக்கு எப்போதாவது ஹூட்டைக் கழற்ற வேண்டி வந்தால் மறுபடி உதவும்.

தகடும்தணலும்_மிச்சிகன் | திங்கள், காலை 7:15

ஆமாம், அப்படியே விடுங்கள். பெயின்ட் வந்ததும் ஹூட் மாட்டும்போது கௌல் மூலைகளிலும் ஃபெண்டர் விளிம்புகளிலும் மூன்று அடுக்கு டேப் ஒட்டி, மேலே ஒரு போர்வை போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பேர் தூக்க, மூன்றாவது ஆள் போல்ட் போட வேண்டும். படம் போட மறக்காதீர்கள் தம்பி.